கண்ணாடிக் குழாயும் அரைப் புட்டி நீலமும்

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பிளம்பர் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். வந்ததும் நேராகக் குளியலறை. அங்கே வெந்நீர், சோப்பு, துண்டு எல்லாம் தயாராக இருக்கும். அதில் அவர் மனைவி ஒரு நாளும் குறை வைத்ததில்லை. குளித்துத் தலை துவட்டி வெளியே வந்த பிறகு, வேலையைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூட, வீட்டுக்குள் எழும்பக் கூடாது.

காரணம் இல்லாமல் போட்ட சட்டம் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, அன்றைக்கு ஒரு மாடி வீட்டில் எடுத்த அடைப்பைப் பற்றி இந்த மனுஷன் ஆசை ஆசையாக விவரிக்க ஆரம்பித்துவிட்டார். எத்தனை அடி தூரத்தில் இருந்தது, என்ன நிறம், எத்தனை நாள் ஊறியது என்று ஒன்று விடாமல். புதுப்பெண் தட்டைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். முகம் கழுவித் திரும்பி வந்து, "நீங்க என்ன வேலை வேணாலும் செய்யுங்க, எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அந்தப் பேச்சு மட்டும் இந்த வாசப்படியத் தாண்டக் கூடாது" என்றாள். அவரும் சரி என்று தலையாட்டினார். இருபத்தாறு வருஷமாகிறது. மனுஷன் வாக்குத் தவறவில்லை.

மனைவிக்குத் தையல் வேலை. முன்னறையில் மெஷின். அவள் வேலைப் பேச்சுக்கு எந்தத் தடையும் கிடையாது. யாருக்குக் கைக்குழி இறுக்கம், யார் அளவு கொடுத்தபோது வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்கள், எந்தக் கால்சட்டை மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது என்று சாப்பாட்டு நேரம் முழுக்கச் சட்டையும் கவுனும்தான். பிளம்பர் 'உம்' கொட்டுவார். கேட்டுக் கேட்டே அவருக்குக் காலர் வெட்டக்கூடத் தெரியும். அவருடைய வேலையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? வாடிக்கையாளர் யாராவது கேட்டால், "அவரா, கட்டட வேலை" என்பாள். அது பொய்யும் இல்லை. ஆனாலும் அதைக் கேட்கிறபோதெல்லாம் அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒரு சின்ன உறுத்தல்.

கடைவீதியில் கேட்டால் அவர் பெருமை தெரியும். அவர் ஒரு லைன் போட்டால் அந்த வீட்டுக்காரர்கள் திரும்பக் கூப்பிடவே மாட்டார்கள். கூப்பிட வேண்டிய அவசியமே வராது. அதனால் வருமானம் கொஞ்சம் குறைவுதான். எதைப் பேசினாலும் "வாட்டம் சரியா இருக்கணும்" என்பார். குழாய் எந்த அளவுக்குச் சரிந்து போக வேண்டும் என்பதற்கு அந்தத் தொழிலில் வாட்டம் என்று பெயர். அடிக்குக் கால் அங்குலம். அவ்வளவுதான் அவருடைய வேதம்.

ஆனால் இந்தத் தொழிலில் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. எவ்வளவு அழகாகச் செய்தாலும் கடைசியில் கொத்தனார் வந்து சிமென்ட்டை அப்பிவிடுவார். இல்லாவிட்டால் மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். முப்பது வருஷம் செய்த வேலையில் ஒரு முழம்கூட வெளியே தெரியாது. மனைவி தைத்த சட்டைகளோ தெரு முழுக்க நடமாடுகின்றன.

மூடுவதற்கு முன்னால் அவர் ரகசியமாக ஒரு காரியம் செய்வார். துணிக்குப் போடுகிற நீலம் இருக்கிறதே, அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய் மேலே ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டு, கீழே ஓடி, தெருவோரத் தொட்டியின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பார். நீலம் சுத்தமாக வந்து விழுந்தால் லைன் சரி. வந்து விழுகிற அந்தக் கடைசி நொடியை மட்டும்தான் பார்ப்பார். நடுவில் அது எப்படிப் போகிறது என்பது சுவருக்குத்தான் வெளிச்சம். இதை யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வயசான ஆள் நீலம் ஊற்றி விளையாடுகிறான் என்று சிரிக்க மாட்டார்களா?

நீலம் எங்கிருந்து வரும்? வீட்டு அலமாரியிலிருந்துதான். "வெள்ளைத் துணியே வீட்டுல நாலுதான் இருக்கு. நீலம் மட்டும் எப்படிங்க மாசா மாசம் தீருது?" என்று மனைவி புலம்புவாள். அவருக்கு வாய்வரை வரும். சொன்னால் வேலைப் பேச்சு. சட்டம் குறுக்கே நிற்கும். ஊமை மாதிரி இருந்துவிடுவார். அவளோ, தான் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரிதான் வந்து எடுக்கிறாள் என்று முடிவு கட்டி, பதினோரு வருஷமாக அந்த அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பாவம் மாடி வீட்டுக்காரி!

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பெண் வந்தாள். தலையை ஒட்ட வெட்டியிருந்தாள். கால்சட்டையில் பன்னிரண்டு பை, ஒன்றிலும் ஒன்றுமில்லை. பிளம்பருக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. கலைக்கூடத்தில் கண்காட்சி வைக்கப்போகிறாளாம். மாடிகளில் இருக்கிற கழிப்பறைகளின் லைனைத் திருப்பி, கீழ்த்தளத்துப் பெரிய கூடத்தின் நடுவே, ஆள் முகத்துக்கு நேரே, நாற்பதடிக் கண்ணாடிக் குழாயில் ஓடவிட வேண்டுமாம்.

"எது ஓடணும்?" என்றார் பிளம்பர்.

"எது ஓடுமோ அது, அண்ணே."

"அதைப் பார்க்க ஆள் வருமா?"

"வருவாங்க. திட்டவாவது வருவாங்க. இந்த ஊர்ல எல்லாரும் தினம் செய்யற ஒரே காரியம் இதுதான். தண்ணிய ஊத்திட்டு அந்த நிமிஷமே மறந்துடறோம். யாரும் பேசறதில்ல. பேசினா முகம் சுளிக்கறோம்."

பிளம்பருக்கு வீட்டு வாசப்படி ஞாபகம் வந்தது. அவளை ஏற்கெனவே ஆறு பிளம்பர்கள் துரத்திவிட்டிருந்தார்கள். இவருக்கும் இதெல்லாம் கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு எண்ணம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மாட்டேன் என்றது: இந்த ஒரு லைனுக்குக் கொத்தனார் கிடையாது. மூட மாட்டார்கள். விளக்குப் போட்டுக் காட்டப்போகிறார்கள்.

வேலையை எடுத்துக்கொண்டார். இரண்டாம் நாளே சண்டை. குழாயின் நடுப்பகுதி மட்டமாக இருக்க வேண்டும், வருவதெல்லாம் அங்கே தேங்கி நிற்க வேண்டும் என்றாள் அவள்.

"அது ஆகாது. அடிக்குக் கால் அங்குலம். கூடுனா தண்ணி முன்னால ஓடிப்போயிடும், மத்தது தனியா நின்னுரும். குறைஞ்சா ரெண்டும் சேர்ந்து நின்னுரும்."

"நிக்கட்டும் அண்ணே! அதுதானே வேணும். நின்னாத்தானே ஜனங்க பார்ப்பாங்க?"

"நிக்கிற லைன் போட நான் எதுக்கும்மா? என் கையால அது முடியாது. நீ வேற ஆளைப் பாரு."

அவளும் வீம்புக்கு இரண்டு நாள் வேறு ஆளைத் தேடினாள். கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, "சரி, உங்க வாட்டமே இருந்து தொலையட்டும்" என்றாள். பிளம்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சரிவு பார்க்கிற ரசமட்டத்தை எடுத்தார்.

மூன்று வாரம். ஐந்தடி ஐந்தடியாக எட்டுத் துண்டு, நடுவே ஏழு இணைப்பு. சாதாரணக் குழாய் என்றால் பசை கொஞ்சம் வழிந்தாலும் சுவருக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்? இது கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக். ஒரு கொப்புளம் நின்றாலும் பல்லைக் காட்டும். ஒவ்வொரு இணைப்பையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். முடிந்தபோது குழாய் ஒரு முனையில் நெற்றி உயரத்தில் தொடங்கி, மறுமுனையில் மோவாய்க்குக் கீழே முடிந்தது. இணைப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அடேயப்பா, இதை நானா செய்தேன் என்று அவருக்கே மலைப்பாக இருந்தது.

தொடக்க நாள் காலையில் யாரும் வருவதற்கு முன் நீலத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போய் ஊற்றிவிட்டுத் தடதடவென்று படி இறங்கி ஓடிவந்தார். ஐம்பத்து மூன்று வயசு முட்டி. கூடத்துக்குள் நுழைந்தபோது குழாய் சுத்தமாக, காலியாக இருந்தது. நீலம் எப்போதோ போய்விட்டது. அட, கண்ணாடிக் குழாயிலும் கண்ணில் படாமல் போய்விட்டதே! புட்டியில் வேறு ஒன்றும் மிச்சமில்லை.

கண்காட்சி தொடங்கியது. கூட்டம் வந்தது. அவள் சொன்னது போலத் திட்டவும் வந்தது. "இதெல்லாம் ஒரு கலையா? கர்மம்!" என்று ஒரு பெரியவர் கத்தினார். இரண்டு கல்லூரிப் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். மேலே யாரோ தண்ணீர் விட்ட சத்தம் கேட்டதும் ஒரு கூட்டமே பின்வாங்கியது. குழாயில் வர வேண்டியது வந்து, நிற்காமல், வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ஒருவர் வாந்தி வருகிறது என்று வெளியே ஓடினார். இன்னொருவர் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்.

இதெல்லாம் பிளம்பருக்குப் பொருட்டே இல்லை. அவருக்கு வந்த கோபம் வேறு. வருகிறவர்கள் எல்லாரும் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்! ஏழு இணைப்பும் எறும்பு மூச்சுக்கூடப் போகாத மாதிரி ஒட்டியிருக்கிறது. ஒரு துளி நாற்றம் வந்தால் காதை அறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லக்கூடிய வேலை. பார்த்த மாத்திரத்தில் மூக்கைப் பொத்தினால் செய்தவனுக்கு எப்படி இருக்கும்? தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் சட்டை மாற்றிக்கொண்டு கலைக்கூடத்துக்கு வந்து, குழாய்ப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஐயா, கையை எடுங்க. நாறாது. சும்மா எடுத்துப் பாருங்க" என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடினார்.

ஒரு அம்மா கைக்குட்டையைத் தயங்கித் தயங்கி எடுத்து, முகர்ந்து பார்த்து, ஆச்சரியப்பட்டாள். "ஆமாம், ஒண்ணுமே இல்லையே! நீங்க யாரு?"

"இதைப் போட்டவன்."

"ஓ, நீங்கதான் அந்தக் கலைஞரா?"

"ஐயய்யோ, இல்லீங்க. பிளம்பர்" என்றார். சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

ஆசை அப்போதுதான் பிடித்துக்கொண்டது. மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். யார் யாரோ பார்க்கிறார்கள். அவள் பார்க்க வேண்டாமா? ஆனால் எப்படிச் சொல்வது? 'கழிவுக் குழாய் போட்டிருக்கேன், வந்து பாரு' என்று இருபத்தாறு வருஷச் சட்டத்தை மீறுவதா? தினமும் சாப்பிட உட்காரும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். அவள் கைக்குழியில் தொடங்கிக் காஜாவில் முடிப்பாள். இவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்.

வியாழக்கிழமை ராத்திரி மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நல்ல மனுஷன், ஆனால் கலை என்று வந்துவிட்டால் அவனுக்கு முன்னால் யாரும் வாய் திறக்க முடியாது. அன்றைக்குக் கையில் செய்தித்தாள். முகத்தில் ஆயிரம் வாட் விளக்கு.

"அக்கா, என் கடிதம் வந்திருக்கு. படிக்கறேன் கேளு." தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே கணீரென்று படித்தான். "'கலை என்பது மனத்தை உயர்த்த வேண்டும். அருவருப்பை ஊட்டுவதெல்லாம் கலையாகிவிடுமா? நம் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டிருக்கும் துர்நாற்றம் வீசும் சாக்கடைக் குழாயை உடனே அகற்ற வேண்டும்.' எப்படி? கலைக்கூடக் கமிட்டியே ஆடிப்போச்சாம். நாத்தம்னு புகார் வந்த பிறகு வெச்சிருக்க முடியாதுன்னு, ஞாயித்துக்கிழமையோட எடுத்துடறாங்க."

பிளம்பரின் கை தட்டிலேயே நின்றது.

"துர்நாற்றமா?" என்றார்.

"பின்ன என்ன மாமா, பன்னீரா மணக்கும்?"

"நீ போய்ப் பார்த்தியா?"

"அதை வேற போய்ப் பார்க்கணுமா?"

"முகர்ந்து பார்க்காமலா எழுதினே?" பிளம்பர் எழுந்தே நின்றுவிட்டார். "கலை இல்லன்னு எழுது. கண்றாவின்னு எழுது. அது உன் இஷ்டம், எனக்கு அதெல்லாம் தெரியாது. நாறுதுன்னு எப்படி எழுதினே? ஏழு இணைப்பு, ஏழும் என் கையால ஒட்டினது. முப்பது வருஷத்துல என் லைன் ஒண்ணுகூட நாறினது இல்ல. சொந்த மச்சினன் என் வேலைய நாறடிச்சிட்டியே!"

மாஸ்டர் வாயைப் பிளந்தான். மெஷின் பக்கம் நின்றிருந்த மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த வீட்டில் அந்த மனுஷன் சத்தம் போட்டு அவள் கேட்டதே இல்லை.

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. எல்லாம் கொட்டியது. கண்ணாடிக் குழாய், வாட்டம், மூக்கைப் பொத்துகிற ஜனங்கள், கொத்தனார். கடைசியில் நீலமும் வந்துவிட்டது. "நீலத்தை நான்தான் எடுத்தேன். இருபத்தாறு வருஷமா நான்தான் எடுக்கறேன். ஒவ்வொரு லைனுக்கும் ஊத்திப் பார்ப்பேன்."

மனைவி அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்ப மாடி வீட்டுக்காரி எடுக்கலையா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். மெஷின் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளியும் சனியும் அவள் பேசவில்லை. வெந்நீர் இருந்தது, துண்டு இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. கைக்குழி, காலர் எதுவும் இல்லாத சாப்பாடு அவருக்கு உப்புச் சப்பில்லாமல் இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி முறையாக ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று தனியாகக் கிளம்பினார். கிளம்பும்போது அவளைக் கூப்பிட நினைத்தார். முன்னறையில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிடவில்லை.

கலைக்கூடத்தில் அந்தப் பெண் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள் போலிருக்கிறது.

"அண்ணே, நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. இது கலையா, இல்லையா?"

"எனக்குத் தெரியாதும்மா. பார்க்க நல்லாவா இருக்கு? நல்லா இல்ல." அவள் முகம் இன்னும் சுருங்கியது. பிளம்பர் அவசரமாகத் தொடர்ந்தார். "ஆனா முப்பது வருஷத்துல என் வேலைய வெளிச்சத்துல வெச்சது நீ ஒருத்திதான். அதுக்கு என்ன பேர் வெக்கணுமோ வெச்சுக்கோ. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

பத்தரை மணிக்கு வாசலில் டிராயிங் மாஸ்டர் தெரிந்தான். அவனுக்குப் பின்னால், வெளியே போகும்போது மட்டும் போடுகிற காலணி போட்டுக்கொண்டு, தோளில் பையோடு, மனைவி. பிளம்பர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். அவள்தான்.

மாஸ்டர் யாரிடமும் பேசாமல் நேராகக் குழாயிடம் போனான். மூக்கை அதற்குப் பக்கத்தில் வைத்து, முனையிலிருந்து முனைவரை நாற்பதடியும் முகர்ந்துகொண்டே நடந்தான். கூட்டம் அவனையும் ஒரு காட்சிப் பொருள் என்று நினைத்து வழிவிட்டது. மறுமுனையில் நிமிர்ந்தான்.

"நாத்தம் இல்லதான்" என்றான். "எழுதினது தப்பு. அந்த ஒரு வார்த்தைய மட்டும் வாபஸ் வாங்கிக்கறேன்னு நாளைக்கே எழுதிப் போடறேன், மாமா. ஆனா கலை இல்ல. அதுல மாத்தமே இல்ல."

"அது போதும்டா எனக்கு" என்றார் பிளம்பர். நெஞ்சில் பாதி பாரம் இறங்கிவிட்டது.

மனைவி இன்னும் வாசலிலேயே நின்றிருந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. அதை அவர் கவனித்தார். மெல்ல மெல்ல வந்து குழாய்க்கு முன்னால் நின்றாள். அந்த நேரம் பார்த்து மேலே தண்ணீர்ச் சத்தம். சனியன், இப்போதுதானா வர வேண்டும்! அவள் இறுகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. என் லைன்ல எதுவும் நிக்காது."

கண்ணைத் திறந்தாள். குழாய் பளிச்சென்றிருந்தது. துணியைப் பார்க்கிற பழக்கத்தில் விரலை அதன் மேல் வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டே நடந்தாள். எங்கே ஒட்டு, எங்கே மடிப்பு என்று தேடுகிற விரல் அது. "எத்தனை இணைப்புன்னு சொன்னீங்க?"

"ஏழு."

கடைசிவரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். "எனக்கு நாலுதான் தெரியுதுங்க" என்றாள். பிறகு, அவர் பக்கம் திரும்பாமலே, "என் தையல்கூட இவ்வளவு சுத்தமா இருக்காது. இதையா நீங்க இத்தனை வருஷமா சுவத்துக்குள்ள வெச்சுப் பூசினீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"நீதானே சொல்லக் கூடாதுன்னு…"

"சொன்னேன். நான் சொன்னா அப்படியே கேட்டுடறதா? வேற எதைத்தான் நான் சொல்லிக் கேட்டிருக்கீங்க?" சட்டென்று பையைத் திறந்தாள். உள்ளே கையை விட்டு எடுத்தது ஒரு நீலப் புட்டி. புத்தம் புதுசு, மூடிகூடத் திருகாதது. "காலையில மாடி வீட்டுக்காரிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, கடைக்கும் போயிட்டு வரேன். எங்க ஊத்தணும், சொல்லுங்க."

"ரெண்டாம் மாடி. ஆனா அது கழிப்பறை. உனக்கு…"

"தெரியுது. நீங்க இங்கயே நில்லுங்க."

விடுவிடுவென்று படி ஏறிப் போய்விட்டாள். பிளம்பர் குழாயின் நடுவில் வந்து நின்றார். கண்காட்சிப் பெண்ணும் எழுந்து வந்தாள். ஏதோ நடக்கப்போகிறது என்று கூட்டமும் நின்றது. மேலே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எல்லாரும் வழக்கம்போல அரை அடி பின்வாங்கினார்கள்.

நீலம் வந்தது. நெற்றி உயர முனையில் தலையைக் காட்டி, ஒரே சீராக, ஒரே வேகத்தில், எந்த இணைப்பிலும் தட்டாமல், சிதறாமல், அவர் கண்ணுக்கு முன்னால் ஓடிப் போனது. முப்பது வருஷமாகச் சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் அவர் அனுப்பி வைத்த நீலமெல்லாம் இப்படித்தான் போயிருக்கிறது. தான் போட்டது சரி என்று அவருக்குத் தெரியும். இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரியாது. ஒரு கை தவறாமல் எல்லாருடைய கையும் மூக்கைவிட்டு இறங்கியிருந்தது.

"நீலத்துல கொஞ்சம் தண்ணி கலந்திருக்கலாம்" என்றான் டிராயிங் மாஸ்டர், கம்மிய குரலில். "ரொம்ப அழுத்தமா இருக்கு." அவன் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்ததாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை.

படியில் தடதடவென்று சத்தம். மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "வந்துச்சா? வந்துச்சா?" குழாயைப் பார்த்தாள். காலி. "அட, போயிடுச்சா! நான் பார்க்கலையே!" நிஜமாகவே அழுதுவிடுவாள் போலிருந்தது.

பிளம்பருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கும் அப்படித்தான். ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. இன்னிக்குத்தான் பார்த்தேன்."

அவள் கையிலிருந்த புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பாதி இருந்தது. "இந்தாங்க, ஓடுங்க. நான் இங்க நிக்கறேன். பார்த்து ஊத்துங்க, அவசரப்படாதீங்க."

ஐம்பத்து மூன்று வயசு முட்டி அன்றைக்கு ஒரு முனகலும் முனகவில்லை. இரண்டாம் மாடிக்கு ஏறி, மிச்ச நீலம் முழுவதையும் ஊற்றித் தண்ணீரைத் திறந்தார். எப்போதும் அடுத்த நொடியே கீழே ஓடுகிறவர், இந்தத் தடவை ஓடவில்லை. காலிப் புட்டியோடு அங்கேயே நின்று எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பதினான்கு எண்ணியபோது கீழேயிருந்து, இரண்டு மாடியும் அதிரும்படி, அவள் குரல் வந்தது.

"வந்துடுச்சுங்க! போகுது பாருங்க! நிக்கவே இல்லங்க!"

அன்று சாயங்காலம் பிளம்பர் பழக்க தோஷத்தில் பின்வாசல் வழியாகத்தான் வந்தார். வெந்நீர் இருந்தது, துண்டும் இருந்தது. குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவி எதிரே தட்டை வைத்துக்கொண்டு, கைக்குழியைப் பற்றியோ காலரைப் பற்றியோ ஒன்றும் பேசாமல், "அன்னிக்கு ஒரு மாடி வீட்டுல அடைப்பு எடுத்தேன்னு ஆரம்பிச்சீங்களே, நம்ம கல்யாணமான புதுசுல" என்றாள். "மீதியச் சொல்லுங்க. எவ்வளவு தூரத்துல இருந்துச்சு?"